அ என்றால் அமிலம்

என் தலையில் இருந்த முப்பத்தாறு வருஷ வேலையை நாற்பது நாளில் எடுத்து, ஏழே நாளில் பனிமலர் தலையில் வைத்தார்கள். வலிக்கவில்லை. லேசாக அரித்தது, அவ்வளவுதான்.

அந்தக் கருவிக்குக் கம்பெனி வைத்த பேர் 'பணித்தடப் பதிவி'. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. பார்ப்பதற்கு வலை பின்னின குல்லா மாதிரி இருந்ததால் குல்லா என்றே சொன்னோம். "இத்தன வருஷமா நமக்கு வாயாலயே குல்லா போட்டாங்க, இப்பம் நெசமாவே போட வந்துட்டாங்க" என்று கேண்டீனில் ஒரே சிரிப்பு.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் நிலையம். கடல் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, குடிதண்ணீர் ஆக்கி ஊருக்கு அனுப்புகிற இடம். அதில் எனக்கு மருந்து அறை. வடிகட்டிகளைக் கழுவ அமிலம், கிருமியைக் கொல்லக் குளோரின் திரவம், இரண்டும் அங்கேதான் இருக்கும். இரண்டும் ஒரே குழாயில் சந்தித்துவிட்டால் கிளம்புகிற புகையில் உள்ளே நிற்கிறவன் வெளியே வரமாட்டான். நான் இருந்த முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. அந்த ஒன்றைத்தான் நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

நிலையம் கட்டின காலத்தில் மொத்தமாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். அதனால் போகிற காலமும் மொத்தமாக வந்தது. ஒரே வருஷத்தில் பதினோரு பேர். இத்தனை பேர் கையில் இருந்த வேலையும் வாசலைத் தாண்டிப் போய்விடும் என்று பயந்துதான் கம்பெனி குல்லாவைக் கொண்டுவந்தது. அதைப் போட்டுக்கொண்டு நாற்பது நாள் வழக்கம்போல வேலை பார்த்தால் போதும். கை எங்கே போகிறது, காது எதைப் பிடிக்கிறது, எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். புதிதாக வருகிறவர் ஏழு நாள் போட்டுக்கொண்டால் எட்டாம் நாள் அவர் கை தானாகவே போகும்.

குல்லாவைக் கவனித்துக்கொள்ளச் சென்னையில் இருந்து வந்த என்ஜினியர் நிவேதன் சார் என்னிடம் சொன்னார்: "பதினோரு பேர்ல உங்க தடம்தான் சுத்தம், தொம்மை. கை எங்கேயுமே தயங்கல."

என் போட்டோவை எடுத்து வாசலில் மாட்டினார்கள். ஓய்வு பெற்று, முட்டி வலியோடு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். மத்தியான நேரம், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி இருக்கீயளா?"

பனிமலர் நின்றாள். வயது முப்பத்தொன்பது. உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பாலிடெக்னிக் படித்து முடித்தவள். என் தடம் அவள் தலையில்தான் ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"மூணாம் நம்பர் பம்ப் இருமப் போறது ரெண்டு நிமிஷம் முந்தியே எனக்குத் தெரியுது. குழாயத் தொட்டா உள்ள என்ன ஓடுதுன்னு தெரியுது. எல்லாம் ஒங்க கையி, ஒங்க காது. அதுல ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி."

"பெறவு என்ன தாயி?"

"வாசிக்க முடியல."

தைலக் குப்பியை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை.

"எழுத்து மறக்கல. கண்ணுதான் அதுல நிக்க மாட்டேங்கு. சொவத்தப் பாத்த மாதிரி வழுக்கிட்டுப் போயிருது. மொதல்ல மருந்து ரூமுக்குள்ள மட்டும்தான் அப்படி. அசதின்னு நெனச்சேன். போன ஞாயித்துக்கிழம கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்க ஏறினேன். பன்னெண்டு வருஷமா வாசிக்கேன். புஸ்தகத்தத் தொறந்தா வெறும் தாளு மாதிரி இருக்கு. நல்லவேளைக்கு மனப்பாடமா இருந்தது, சொல்லிட்டு எறங்கிட்டேன். எம் மவ மட்டும் கண்டுபிடிச்சிட்டா. 'எம்மா, நீ தாளத் திருப்பவே இல்லையே'ன்னு கேக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழம எனக்குச் சோதனை. 'இவ தலை ஏற்கல'ன்னு எழுதப் போறாவ. அப்படி எழுதிட்டா இந்தக் கரையில எந்த நிலையத்துலயும் சேக்க மாட்டாவ. ஒங்க தடம் நல்ல தடம்னு திங்கக்கிழம எட்டு நிலையத்துல இன்னும் நாப்பது பேருக்குப் போடப் போறாவ. அதான் கேக்க வந்தேன். கோவிச்சுக்கிடாதீய. ஒங்களுக்குக் கண்ணுல ஏதாவது உண்டுமா?"

"இல்ல தாயி. எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அது பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

போகும்போது சுவரில் தொங்கின காலண்டர் முன்னால் நின்றாள். தேதியைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. கண் அதன்மேல் போய், இல்லாத பொருளைக் கடந்து போவதுபோலக் கடந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயது வரை நான் உலகத்தைப் பார்த்த பார்வை அது.

நிலையம் கட்டும்போது குழாய் சுமக்க வந்தவன் நான். கட்டி முடித்ததும் காண்ட்ராக்டர் ஒரு தாளில் 'எட்டாம் வகுப்பு' என்று எழுதி, கைநாட்டு வாங்காமல் ஒரு கோடு கிறுக்கச் சொன்னார். அதுதான் என் கையெழுத்து. எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகினது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பலகைகளைப் பார்க்காமலே வேலை பார்க்கப் பழகினேன். எந்தக் குழாய் குளிரும், எது சுடும், எது கையில் அதிரும் என்று உடம்பு தெரிந்துகொண்டது. பக்கத்து பம்ப் அறையில் இருந்த சவரிமுத்துதான் முப்பத்து மூன்று வருஷம் என் லாக் புக்கை எழுதினான். நான் முள் நிற்கிற எண்ணைச் சொல்வேன், அவன் எழுதுவான். மூன்றாவது ஒரு ஆளுக்குத் தெரியாது.

அவனுக்கு ஓய்வு வர ஆறு மாதம் இருந்தபோது ஒருநாள் சொன்னான்: "நான் போயிட்டா நீ ஒரே நாள்ல மாட்டிக்கிடுவல. வா, படி." புத்தகம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் பலகைகளுக்கு முன்னால் என்னை நிறுத்தினான். உலகத்தில் எல்லாரும் அ என்றால் அம்மா என்று படித்தார்கள். நான் அ என்றால் அமிலம் என்று படித்தேன். க என்றால் கசிவு.

குளோரின் வால்வுக்கு மேலே நீளமான பலகை ஒன்று உண்டு. 'அமிலக் குழாயை நீரால் கழுவிய பின் திறக்கவும்.' அந்தப் 'பின்' வருகிற இடத்தில் நான் தினமும் 'முன்' என்பேன். பாதி எழுத்தைப் பார்த்ததும் மீதியை நானாக நினைத்துக்கொள்ளும் பழக்கம். அவன் பிடரியில் ஒன்று போடுவான். "ஏல மட்டி, ஊகிக்காத. எழுத்தப் பாரு." எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேனோ. அவன் ஓய்வு பெற்றுப் போன அன்றைக்கு அந்தப் பலகையை முழுசாகச் சரியாக வாசித்தேன்.

ஆனால் அது மூன்று வருஷப் படிப்பு. முப்பது வருஷத்துக்கு மேலான குருட்டுப் பழக்கத்தின் மேல் பூசின சுண்ணாம்பு. வேலையில் இறங்கிவிட்டால் என் கண் பழையபடிதான் ஓடும். குல்லா அதைத்தான் எடுத்திருக்கிறது.

சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உட்கார்ந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். பனிமலர் சொன்னதைச் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லிருவோமால?" என்றேன்.

"சொன்னா லாக் புக்க எழுதுனது யாருன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"நானுல்லா மாட்டுவேன்."

"ஆமா."

செதில் என் சட்டையில் தெறித்தது.

"ஒன் போட்டோவ வாசல்ல மாட்டிருக்காங்களே, அத என்ன செய்வாங்க?"

"கழத்துவாங்க."

"அது நல்லதுதான். ஒம் மூஞ்சிக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி." இரண்டு மீன் முடிந்தது. மூன்றாவதை எடுத்து அப்படியே கையில் வைத்திருந்தான். "அந்தப் புள்ளைக்குக் கோயில்லயும் வரலயாக்கும்?"

"வரல."

"இன்னும் நாப்பது பேரா?"

"திங்கக்கிழம."

"ஒரு மட்டியவே என்னால சமாளிக்க முடியல. நாப்பது மட்டிய யாரு சமாளிக்கது?" எழுந்து கையைக் கழுவினான். "நில்லு, சட்டைய மாத்திட்டு வாரேன்."

நிலைய வாசலில் சவரிமுத்துவை உள்ளே விடவில்லை. குல்லா போட்டவர்கள் பேர்தான் பட்டியலில் இருந்தது. அவன் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் குல்லாவே வந்தது. வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். நிவேதன் சார் அங்கேயே வந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் வாய் வராது என்று தோன்றியது.

"எனக்கு எழுத்து தெரியாது சார். அம்பத்தேழு வயசு வரைக்கும் தெரியாது."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சவரிமுத்து முகத்தைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"உங்க கை எங்கேயும் தயங்கலன்னு நான்தானே சொன்னேன்" என்றார். "படிக்கறவன்தான் தயங்குவான். ஒவ்வொரு பலகை முன்னாலயும் அரை நொடி நிப்பான். அந்த அரை நொடி உங்ககிட்ட இல்ல. அதைப் போய்ச் சுத்தம்னு நினைச்சுட்டேன்."

"நம்ம பனிமலர் கண்ணு ஏன் சார் மருந்து ரூமுக்கு வெளியவும் போச்சு?" என்றேன்.

"வேலை தெரியறதுன்னா எதைப் பாக்கணும்னு தெரியறது மட்டும் இல்ல தொம்மை. எதைப் பாக்க வேணாம்னு தெரியறதும்தான். குல்லா ரெண்டையும் சேத்துத்தான் எடுக்கும். உங்க தலை எழுத்தைச் சுவர்னு வெச்சிருந்தது. கோயில்ல இருந்தாலும் எழுத்து எழுத்துதானே."

"அத அழிச்சிருங்க."

"ஏறினதை எறக்க முடியாது. மேல இன்னொண்ணை ஏத்தலாம். ஆனா அடியில இருக்கறது உங்க தடம். அதுமேல ஒட்டணும்னா அதுவும் உங்களோடதாத்தான் இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க எங்க படிக்கக் கத்துக்கிட்டீங்க?"

"எங்கயா?" என்றான் சவரிமுத்து. "ஒங்க மருந்து ரூமுலதான். ஒங்க பலகைதான் அவனுக்கு அரிச்சுவடி."

சோதனையையும் திங்கட்கிழமை வேலையையும் நிவேதன் சார் தள்ளி வைத்தார். எப்படிச் சமாளித்தாரோ, அவருக்குத்தான் தெரியும். மறுநாளே எனக்கு மறுபடி குல்லா மாட்டினார். வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், முதல் முதலாகப் படித்தபோது எப்படிப் படித்தேனோ அதை மனசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக வாசித்தால் போதும் என்றார்.

"சவரிமுத்துவையும் கூட்டிக்கிடலாமா சார்?"

"அவர் லாக் எழுதினவர்தானே? அவர்கிட்ட பதியறதுக்கு என்ன இருக்கு?" மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒன்பது நாள். இருநூற்றுப் பதினான்கு பலகை. முட்டி வீங்கிவிட்டது. விரலை நீட்டி, அ, மி, ல, ம் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கூட்டினேன். என்னோடு வேலை பார்த்த இளவட்டங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். முதல் நாள் சிரித்தார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளில் இருந்து யாரும் சிரிக்கவில்லை, என்ன காரணமோ.

அடுத்த ஏழு நாள் பனிமலர் அதைப் போட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் காலையில் அவளை மருந்து அறைக்குள் விட்டு, நானும் நிவேதன் சாரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

அமிலத் தொட்டியை அவள் கடந்து போனாள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள், திரும்பி வந்தாள். விரலைத் தூக்கினாள். பலகையில் வைத்தாள். உதடு அசைந்தது. அ. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மி.

அந்தப் பலகையை முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்க ஆரம்பித்தாள். தீயணைப்பு வாளி, பம்ப் செய்த கம்பெனியின் பேர், மூலையில் கிடந்த சிமெண்ட் சாக்கு.

அடுத்த ஞாயிறு அவள் வாசகம் வாசித்தபோது நான் பின் வரிசையில் இருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தாள். முன் வரிசையில் அவள் மகளும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் வேகம் திரும்பிவிட்டது. நாற்பது பேருக்கும் இரண்டு தடத்தையும் சேர்த்தே ஏற்றினார்கள்.

என் போட்டோவைக் கழற்றிவிட்டார்கள். விசாரணை நடந்தது. முடிவில் எனக்கு ஒரு கடிதம், சவரிமுத்துவுக்கு ஒரு கடிதம். என் பேருக்கு வந்து நானே பிரித்து வாசித்த முதல் கடிதம் அதுதான். 'கண்டிக்கத்தக்கது' என்ற ஒரு சொல்லில் மட்டும் தடுக்கி, அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"அத நல்லா வாசிச்சுப் பழகிக்கல. நமக்கு ஆகவேண்டிய சொல்லு" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்துப் பனிமலரும் நிவேதன் சாரும் சேர்ந்து வந்தார்கள். மறுபடி ஏதோ கோளாறு என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. கெட்ட சேதி இல்ல" என்றாள் அவள்.

நிவேதன் சார் ஒரு போட்டோவை நீட்டினார். வடக்கே இருக்கிற இன்னொரு நிலையத்தில் போன மாதம் பலகைகளைப் புதிதாக அடித்து மாட்டினார்களாம். அதில் ஒன்று. வாசித்தேன். அமிலக் குழாயை நீரால் கழுவிய...

"முன்" என்றேன். எனக்கே சந்தேகமாக இருந்தது. பழைய புத்தியில் ஊகிக்கிறேனோ என்று மறுபடி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். மு, ன். கழுவிய முன் திறக்கவும்.

"அச்சுப் பிழை" என்றார். "அஞ்சு வாரம் அந்தப் பலகைக்குக் கீழே எல்லாரும் போய் வந்திருக்காங்க. நானும் போனேன். எல்லாரும் அதை 'பின்'னுதான் படிச்சோம். தெரிஞ்ச விஷயம்தானேன்னு கண்ணு தானா திருத்திக்கிச்சு. நேத்து சேர்ந்த ஒருத்தன் அதை அப்படியே நம்பி, கழுவாமத் திறந்திருந்தா..."

போட்டோவை இன்னொரு தடவை பார்த்தேன்.

"யாரு கண்டுபிடிச்சா?"

"நாப்பது பேர்ல ஒருத்தர், எபனேசர்னு. தனியா வேலை பாத்த முதல் நாள். வால்வுல கை வெச்சவர் நின்னுட்டார். ஏன் நின்னீங்கன்னு கேட்டேன். 'யாரோ ஏசினாங்க சார்'ங்கறார். எனக்குப் புரியல. மத்தவங்களையும் கூப்பிட்டுக் கேட்டேன். முப்பத்தொன்பது பேரும் அதையேதான் சொல்றாங்க. எழுத்து முன்னால போய் நின்னா போதும், ஒரு குரல் கேக்குதாம். தடத்துல குரல் எப்படி வந்துச்சுன்னு தெரியல. நீங்க படிக்கும்போது மனசுல யாராவது..."

"என்னன்னு ஏசுது?"

நிவேதன் சார் தயங்கினார். பனிமலர்தான் சொன்னாள், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "'ஏல மட்டி, ஊகிக்காத. எழுத்தப் பாரு.' எனக்கும் கேக்கு அண்ணாச்சி, மொத நாள்ல இருந்தே. நீங்கதான் ஏசுதீயன்னு நெனச்சு ஒங்ககிட்டக் கேக்கல. ஆனா பெறவுதான் ஓசிச்சேன், அது ஒங்க கொரலு இல்ல."

நான் செருப்பை மாட்டினேன். மூன்று பேருமாக நடந்தோம்.

சவரிமுத்து கொல்லையில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். போட்டோவை வாங்கித் தூரமாகப் பிடித்து வாசித்தான். "'முன்'னாம். எந்த மட்டி அடிச்சது இத?" என்றான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பனிமலர் பின்னால் ஒரு அடி வைத்தாள். பிறகு கையைக் குவித்துக் கும்பிட்டாள்.

அவன் நொய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நாப்பது பேருக்குமால கேக்கு?" என்று என்னைத்தான் கேட்டான்.

"இவளோட சேத்து நாப்பத்தொண்ணு."

"பொம்பளப் புள்ளையளக்கூடவா மட்டின்னு ஏசுதேன்?"

"தெனமும் ஏசுதீய" என்றாள் பனிமலர்.

அவன் முகத்தைத் துண்டால் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். கோழிகள் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டன, யாரும் விரட்டவில்லை.

நிவேதன் சார் தொண்டையைச் செருமினார். "ஐயா, அன்னைக்கு உங்களை வாசல்லயே நிறுத்திட்டோம். தப்புதான். பட்டியல்ல பேர் சேத்துட்டேன். நீங்க ஒரு தடவை உள்ள வந்து குல்லா போட்டுக்கணும்."

"எனக்கு எதுக்கு சார் இனிமே குல்லா?" என்றான் சவரிமுத்து. "நான்தான் எப்பமோ உள்ள போயிட்டேனே."